வேலை மாறினாலும் வரம்பு ஒன்றுதான்

கேள்வி: அமெரிக்காவில் ஆண்டின் நடுவில் வேலை மாறுபவருக்கு, 401(கே) ஓய்வுக்கால சேமிப்பின் ஆண்டு உச்சவரம்பு புதிய நிறுவனத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா? வரம்புக்கு மேல் பிடித்தம் ஆகிவிட்டால் என்ன வழி?

பதில்: தொடங்காது. ஊழியரின் சம்பளத்தில் பிடித்துச் செலுத்தப்படும் தொகைக்கான வரம்பை, அமெரிக்க வரிச் சட்டத்தின் 402(ஜி) பிரிவு ஆள் கணக்கில் விதிக்கிறது; நிறுவனக் கணக்கில் அல்ல. 2025-ஆம் ஆண்டுக்கு அது 23,500 டாலர். 2026-க்கு 24,500 டாலர். ஆண்டு முடிவதற்குள் 50 வயது நிறைபவர், திட்டம் இடங்கொடுத்தால், 2025-க்கு மேலும் 7,500 டாலர் செலுத்தலாம். 60 முதல் 63 வயது வரை இந்தக் கூடுதல் தொகை 11,250 டாலர்.

இரண்டு நிறுவனங்களிலும் செலுத்திய சாதாரண 401(கே), ராத் 401(கே), 403(பி) தொகைகள் எல்லாம் இந்த ஒரே வரம்புக்குள் அடங்கும். அரசு ஊழியர்களுக்கான 457(பி) திட்டத்துக்குத் தனி வரம்பு உண்டு. நிறுவனம் தன் பங்காகப் போடும் தொகையும், பழைய கணக்கிலிருந்து புதிய கணக்குக்கு மாற்றும் இருப்பும் இதில் சேராது. ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு இரண்டையும் சேர்த்து 415(சி) பிரிவு விதிக்கும் 70,000 டாலர் வரம்பு (2025) வேறு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிறுவனங்களாக இருந்தால், அது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பொருந்தும்.

சிக்கல் வருவது இப்படி: ஒருவர் 2025 ஜூன் வரை பழைய நிறுவனத்தில் 14,000 டாலர் செலுத்துகிறார், ஜூலை முதல் டிசம்பர் வரை புதிய இடத்தில் 12,000 டாலர். தனித்தனியே பார்த்தால் இரண்டும் வரம்புக்குள். கூட்டினால் 26,000, வரம்பை மீறியது 2,500 டாலர். பழைய இடத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது புதிய நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்குத் தெரியாது. ஆகவே கணக்குப் பார்க்கும் பொறுப்பு ஊழியருடையது. ஒவ்வொரு நிறுவனமும் தரும் டபிள்யூ-2 படிவத்தின் 12-ஆம் கட்டத்தில் 'டி' என்ற குறியீட்டுக்கு எதிரே 401(கே) பிடித்தமும், 'ஏஏ' என்ற குறியீட்டுக்கு எதிரே ராத் பிடித்தமும் இருக்கும். அவற்றைக் கூட்டினால் மீறல் தெரிந்துவிடும்.

மீறிய தொகையை இரண்டு திட்டங்களில் எதிலிருந்து வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். பல திட்டங்கள் மார்ச் 1-க்குள் எழுத்துமூலம் கோரச் சொல்கின்றன. அசலும் அது ஈட்டிய வருமானமும் அடுத்த ஆண்டு ஏப்ரல் 15-க்குள் ஊழியர் கைக்கு வந்துவிட வேண்டும். வரிக் கணக்குத் தாக்கலுக்கு அவகாசம் வாங்கியிருந்தாலும் இந்தத் தேதி நீளாது. மேற்கண்ட உதாரணத்தில், வரிக்கு முன் பிடித்த பணமாக இருந்தால், 2,500 டாலர் 2025-இன் வருமானத்தில் சேரும். அது ஈட்டிய தொகைக்கு, திரும்பப் பெற்ற 2026-இல் வரி. உரிய காலத்தில் எடுத்தால் 10 சதவீத அபராத வரி இல்லை.

கெடு தவறினால் அதே 2,500 டாலருக்கு இரண்டு முறை வரி விழும்: செலுத்திய ஆண்டில் ஒரு முறை, பின்னாளில் கணக்கிலிருந்து எடுக்கும்போது மறுமுறை.

புதிய வேலையில் பிடித்தம் செய்யும் விகிதத்தை முடிவு செய்யும் முன், பழைய நிறுவனத்தின் கடைசிச் சம்பளச் சீட்டில் உள்ள ஆண்டுக் கூட்டுத்தொகையை 23,500-லிருந்து (2026-க்கு 24,500-லிருந்து) கழிக்க வேண்டும். 50 வயது நிறையாதவருக்கு, மீதம் எவ்வளவோ அதுவே ஆண்டு முடியும்வரை செலுத்தக்கூடிய உச்சத் தொகை.