எண்ணூர் மணலில் புல்லைக் காப்பது எப்படி

வடசென்னையில் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுச்சூழல் வேலைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னால், உடனே மரக்கன்றுகளைத்தான் கொண்டுவந்து இறக்குவார்கள். நல்ல மனதோடுதான் தருகிறார்கள். ஆனால் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, காட்டுப்பள்ளிப் பக்கத்து மணல்மேடுகளில் மரக்கன்றுக்கு வேலை இல்லை. அங்கே காப்பாற்ற வேண்டியது புல்லும் கொடியும். திருவொற்றியூரில் ஆசிரியையாக இருந்துகொண்டு, விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடும் தன்னார்வலர்களோடும் அங்கே போய்வந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அந்த மணல் ஏன் அருமையானது என்பது ராயபுரம் கரையில் நின்றாலே புரியும். நம் கடலோரத்தில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 1870-களில் தொடங்கிக் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எர்ணாவூர் கரைகளைக் கடல் அரித்துக்கொண்டே போனது. இன்று அங்கே மணல் இருந்த இடத்தில் கருங்கல் குவியல்கள். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டி, பழவேற்காட்டை நோக்கி நீளும் நிலத்தில்தான் மணல்மேடுகள் மிச்சமிருக்கின்றன. கடலைப் பார்த்த சரிவில் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும், பின்பக்கத் தாழ்வில் கோரையும் உமிரியும்.

பிள்ளைகள் வந்ததும், "மிஸ், இங்க ஒண்ணுமே இல்லையே" என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒரு பழைய சைக்கிள் ரிம்மைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வீசச் சொல்லுங்கள். ரிம் விழுந்த வட்டத்துக்குள் எத்தனை வகைச் செடி, எத்தனை பூச்சி, என்ன எச்சம், யாருடைய கால்தடம் என்று எழுதச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள். அதே இடத்தில் ஒவ்வொரு பருவத்திலும் இப்படிக் கணக்கெடுத்தால், நம் வேலை பலன் தந்ததா இல்லையா என்பது அந்த நோட்டிலேயே தெரியும். புகைப்படத்தைவிட நம்பகமான சான்று அது.

ஒரு முழு ஆண்டாவது பார்த்துவிட்டுப் பிறகு கையை வைப்பது நல்லது. குளிர்காலத்தில் புல்லின் தலைக்கு மேலே தாழப் பறக்கும் பூனைப்பருந்தை ஜூன் மாதத்தில் போகிறவர் பார்க்க முடியாது. பங்குனி தொடங்கி ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். சரளைக்கல் நிறத்தில் இருக்கும் அந்த முட்டையை மிதித்தாலும் நமக்குத் தெரியாது. தலைக்கு மேல் பறவை கத்திச் சுற்றினால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகவே சொல்லிவிடுவேன்.

வேலையில் பெரும்பகுதி வேலிக்காத்தானோடுதான். சீமைக் கருவேலம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயல்நாட்டிலிருந்து வந்த மரம். வெட்டினால் அடங்காது, அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகக் கிளம்பும். மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கழுத்தோடு கடப்பாறை போட்டு எடுத்தால்தான் சாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும் மார்கழி, தை மாதங்களில் இது எளிது. பெரிய மரங்கள் பெரியவர்களுக்கு. முழங்கால் உயரத்துக்கும் குறைவான நாற்றுகளைப் பிடுங்குவது பிள்ளைகளுக்கு, தோல் கையுறையோடு. மாடும் ஆடும் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் போட்டுவிடும். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஒருமுறை சுத்தம் செய்துவிட்டுப் போகிற குழு இந்த வேலைக்கு வராமலிருப்பதே மேல்.

மீனவர் குப்பத்தில் ஒரு பாட்டி கேட்டார்: "எல்லாத்தையும் புடுங்கிட்டா அடுப்புக்கு நாங்க எங்க போறது டீச்சரம்மா?" நியாயமான கேள்வி. எடுத்த கட்டையையெல்லாம் குப்பத்துக்கே தருவது, வீடுகளை ஒட்டிய புதர்களைத் தொடாமல் விடுவது என்று பேசி முடிவு செய்தோம். மாடு மேய்ப்பவர்களையும் விரட்டக் கூடாது. அளவான மேய்ச்சல் புல்லுக்கு நல்லதுதான். காய் உதிரும் வெயில் காலத்தில் மட்டும் மாட்டை வேறு பக்கம் ஓட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களின் சம்மதமும், நிலத்துக்கு உரியவரின் எழுத்துமூல அனுமதியும் இல்லாமல் ஒரு செடியையும் தொடாதீர்கள்.

நடுவது என்றால் இரண்டே செடி. அடப்பங்கொடியைக் கணுக்களோடு வெட்டி, மழை தொடங்கும் ஐப்பசியில் கணு மண்ணுக்குள் போகும்படி புதைத்தால் வேர்விடும். ராவணன் மீசையும் ஓடுதண்டிலிருந்து வரும். அதன் முள்ளுருண்டை காற்றில் உருண்டு ஓடி விதை சிந்துவதைத் துரத்திப் பார்க்காத பிள்ளை கிடையாது. சவுக்கை அங்கே நடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையோரங்களில் நிறைய நட்டார்கள். ஆனால் சவுக்கு நிழலில் மணல்கொடிகள் மெலிந்துவிடும். பங்குனி ஆமை முட்டையிட வரும் திறந்த மணலும் சுருங்கும். என் முடிவு இதில் உறுதியானது: மணல்மேட்டில் சவுக்கு வேண்டாம்.

கிண்டி தேசியப் பூங்காவிலும் இதே பாடம் இருக்கிறது. அங்குள்ள வெளிமான்களுக்கு வேண்டியது திறந்த புல்தரை. பழைய போலோ மைதானம்தான் அவற்றின் விருப்பமான மேய்ச்சலிடம். புதரும் மரமும் மூட மூட மான் ஒதுங்க இடமில்லாமல் போகிறது. மரம் அடர்ந்தால் எல்லா உயிருக்கும் நல்லது என்ற எண்ணத்தை அங்கே போய்வந்த பிள்ளைகள் தாங்களே கைவிட்டார்கள். ஐ.நா. சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருப்பதை வகுப்பில் சொல்லலாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வேலிக்காத்தான் முள் செருப்பைத் துளைக்கும். மூடிய ஷூ கட்டாயம், டெட்டனஸ் ஊசி போட்டதா என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த தாழ்நிலங்களிலும் கழிமுகச் சேற்றிலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகமெங்கும் படிந்ததை நாம் மறக்கக் கூடாது. நச்சை அள்ளுவது மாணவர் வேலை அல்ல. அது அதற்கான கருவியும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளையும் உவர்ச் சதுப்புகளையும் மிகுந்த பாதுகாப்புள்ள பிரிவில் வைத்திருக்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். தங்கள் ஊர் நிலத்துக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 ஒரு நாளோடு இதை முடித்துவிடாதீர்கள். ஐப்பசியில் கொடி நட, தையில் வேர் எடுக்க, பங்குனியில் கூடுகளைக் கண்டு ஒதுங்கிப் போக என்று சில சனிக்கிழமைகளைப் பள்ளி நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.