வைஃபை உண்டு, இணையம் இல்லை

மாடியறையில் வைஃபை எட்டவில்லை என்று, அலைவீச்சை நீட்டித்துத் தரும் எக்ஸ்டெண்டர் கருவியை வாங்கிப் பொருத்துகிறோம். கைப்பேசியின் மேல்முனையில் கோடுகள் முழுமையாகத் தெரிகின்றன. ஆனால் 'இணைய இணைப்பு இல்லை' என்ற அறிவிப்பும் உடன் தோன்றுகிறது. மின்கட்டணம் செலுத்தும் கடைசி நாளில் இவ்வாறு நேர்ந்தால் பதற்றம் எழுவது இயல்பே.

அக்கோடுகள் எதைக் குறிக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். வீட்டு இணையம் மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி. சேவை நிறுவனத்திலிருந்து ரூட்டர் வரை ஒன்று; ரூட்டரிலிருந்து எக்ஸ்டெண்டர் வரை மற்றொன்று; அங்கிருந்து கைப்பேசி வரை இறுதிக் கண்ணி. கோடுகள் காட்டுவது இறுதிக் கண்ணியின் வலிமையை மட்டுமே. முன்னிரண்டில் எது அறுந்தாலும் கோடுகள் குறைய வேண்டியதில்லை.

ஆகவே எக்ஸ்டெண்டரை அணைத்துவிட்டு, ரூட்டரின் அருகே நின்று நேரடியாக இணைந்து பார்க்க வேண்டும். அங்கும் இணையம் இல்லையெனில் எக்ஸ்டெண்டர் மீது குற்றமில்லை. ஃபைபர் இணைப்புப் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளியிழை வழியே சமிக்ஞை வரவில்லை என்று பொருள். அதனைச் சேவை நிறுவனமே சீர்செய்ய இயலும்.

ரூட்டரருகே இணையம் கிடைக்குமாயின் பழுது பெரும்பாலும் நடுக்கண்ணியில் இருக்கும். நாம் ரூட்டரின் கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருக்கலாம். எக்ஸ்டெண்டரோ பழையதையே நினைவில் வைத்து வாயிலில் நின்றுகொண்டிருக்கும். அதற்குப் புதிய கடவுச்சொல்லை அளித்தால் போதும். சில கருவிகளின் பக்கவாட்டில் 'எக்ஸ்டெண்டர்', 'ஆக்சஸ் பாயின்ட்' என இருநிலைப் பொத்தான் உண்டு. இரண்டாம் நிலை கேபிள் வழியே இணையத்தைப் பெறுவதற்கானது. கேபிள் இன்றி அந்நிலையில் வைத்தால் வைஃபை மட்டும் தோன்றும், இணையம் வாராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் அறிந்த கருவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை புலப்படாது. ரூட்டரில் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு மட்டும் இயங்கினால் பழைய எக்ஸ்டெண்டர்கள் பல அதில் சேர இயலா.

இவையாவும் சரியாக இருந்தும் இணையம் வரவில்லையெனில், எக்ஸ்டெண்டரை ரூட்டருக்கு அருகிலுள்ள மின்செருகியில் மாட்டிப் பார்ப்போம். அங்கு இயங்கினால் குறை இடத்தில்தான். அலை எட்டாத அறைக்குள்ளேயே கருவியை வைப்பது நம்மில் பலரின் வழக்கம். தனக்குக் கிட்டாத அலையை அது எவ்வாறு பிறருக்கு வழங்கும்? ரூட்டருக்கும் அவ்வறைக்கும் ஏறத்தாழ நடுவே, கான்கிரீட் சுவரும் இரும்பு அலமாரியும் குறுக்கிடாத இடமே ஏற்றது. ஒற்றை அலைவரிசைக் கருவியில் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவது அதன் இயல்பு, பழுதன்று.

கணினியின் ஐபி முகவரி 169.254 எனத் தொடங்கினால், ரூட்டர் வழங்கவேண்டிய முகவரி வந்துசேரவில்லை. முதலில் ரூட்டரை அணைத்து இயக்கி, அதன் விளக்குகள் நிலைபெற்றபின் எக்ஸ்டெண்டரையும், இறுதியில் கணினியையும் இயக்கலாம். அனைத்தையும் அழித்துத் தொடக்கநிலைக்குத் திருப்பும் 'ரீசெட்' கடைசி வழியாகவே இருக்கட்டும்.

பணம் அனுப்புகையில் இணைப்பு அறுந்தால் உடனே மீண்டும் அனுப்பலாகாது. கைப்பேசியின் மொபைல் டேட்டாவுக்கு மாறி, கணக்கு விவரத்தில் பற்று விழுந்துள்ளதா எனப் பார்த்தபின்பே அடுத்த முயற்சி. யூபிஐ வழியே ஒருவருக்கு அனுப்பிய தொகை நம் கணக்கில் கழிந்தும் அவரைச் சேரவில்லையெனில், ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு நெறிமுறைப்படி அது மறுநாளுக்குள் திரும்ப வேண்டும்.

கருவியைச் சரிசெய்ய உதவி எண்ணை இணையத்தில் தேடுவோரைக் குறிவைத்து, போலி எண்களை உலவவிடுவோர் உள்ளனர். கருவியின் பெட்டியிலோ கையேட்டிலோ அச்சிட்ட எண்ணையே அழைப்போம். திரையைப் பகிரும் செயலியை நிறுவுமாறோ, பதிவுக் கட்டணமாகச் சிறுதொகை செலுத்துமாறோ எதிர்முனையில் கூறினால் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணையும் வங்கியையும் தாமதமின்றித் தொடர்புகொள்ள வேண்டும்.