கட்டுகிற வீட்டில் கேமராவா? கோணத்தைப் பாருங்கள்

இலுப்பூரில் வீடு கட்டிக்கொண்டு வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்ப்பவர்கள், கம்பியும் சிமெண்டும் பத்திரமா என்று செல்போனில் பார்க்கக் கேமரா வைப்பதுண்டு. சொந்த மனையில் வைக்கத் தடையில்லை. எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

சாமான் கொட்டகை, வாசல், மோட்டார் தெரிந்தால் போதும். சித்தாள் பெண்கள் சேலை மாற்றும் மறைவிடம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் நிழல், கழிப்பறை ஆகியவை ஓரமாகக்கூடப் படத்தில் விழக்கூடாது. பெண்ணின் அந்தரங்கத்தைப் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. வேலை தொடங்கும் நாளிலேயே மேஸ்திரியையும் ஆட்களையும் கூப்பிட்டுக் கேமரா இருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். கூலிக்கு வருபவர்களுக்கு அந்த மரியாதை கட்டாயம் வேண்டும்.

பக்கத்து வீட்டு முற்றமோ சன்னலோ தெரிந்தால் கோணத்தை இறக்குங்கள். மாடி எழும்பும்போது கேமராவும் மேலேறும், அப்போது மறுபடி பாருங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

திருட்டு நடந்தால் பதிவை அன்றே தனியாக எடுத்து வையுங்கள். நாளானால் பழையது தானாக அழிந்துவிடும். நீதிமன்றத்தில் அதைக் காட்ட பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. சந்தேகப்படும் ஆளின் முகத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். காவல் நிலையத்தில் கொடுங்கள்.