புல்வெளி வண்டியைக் காட்டுக்கு அனுப்புமுன்

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரம்தான் ஈ-ஸி-கோ, கிளப் கார் என்ற இரண்டு பெரிய கோல்ஃப் வண்டிக் கம்பெனிகளுக்கும் ஊர். மைதானத்தில் சில வருடம் ஓடிய பேட்டரி வண்டிகளை வாங்கி, உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, பைன் காடுகளுக்குள் மான் வேட்டைக்குக் கொண்டுபோவது அந்தப் பக்கத்து வழக்கம். சத்தமில்லை, பெட்ரோல் வாடையில்லை; வேட்டைக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் வெட்டிய புல்லின் மேல் இரண்டு பேரைச் சுமக்கப் பிறந்த வண்டி அது. முதல்முறை அதில் கைவைக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அதற்கு ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். குறைந்ததை ஈடுகட்டாமல் அடுத்த வேலையைத் தொடாதே.

1. பெயின்ட்டைப் பார்த்து வாங்காதே, சேஸிஸைப் பார். கிளப் காருக்கு அலுமினிய சேஸிஸ், துருப்பிடிக்காது. ஈ-ஸி-கோவுக்கு இரும்பு. பேட்டரிக்குக் கீழே ஆசிட் சிந்தி அரித்திருக்கிறதா என்று டார்ச் அடித்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார். அரித்த இரும்பின் மேல் எதைக் கட்டினாலும் நிற்காது.

2. பேட்டரியை ஓட்டத்தில் சோதி. 48 வோல்ட் வண்டியில் பெரும்பாலும் 8 வோல்ட் பேட்டரி ஆறு இருக்கும். முழுச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் மொத்தம் 51 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அதை மட்டும் நம்பிவிடாதே. மேட்டில் ஏற்றும்போது ஒவ்வொரு பேட்டரியாக மீட்டர் வைத்துப் பார். மற்றவற்றைவிட அதிகமாக இறங்குவதுதான் நோயாளி.

3. வேலை தொடங்குமுன் சாவியை எடு, ஓட்டம்-இழுவை (Run/Tow) சுவிட்சை இழுவை நிலைக்கு மாற்று, மெயின் நெகட்டிவ் கேபிளைக் கழற்று. மோதிரமும் வாட்சும் கையில் இருக்கக் கூடாது. ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்று. ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். ஷெட்டின் கதவைத் திறந்து வை, பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

4. ஓடும் சக்திக்கு முன்னால் நிற்கும் சக்தியைக் கவனி. பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளில் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே டிரம் பிரேக். டயர் பெரிதானால் அதே பிரேக்குக்கு வேலை கூடுகிறது. ஷூ, கேபிள், ஸ்பிரிங் எல்லாவற்றையும் புதிதாக்கு. வசதியிருந்தால் முன்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போடு.

5. தேவைக்கு மேல் உயர்த்தாதே. கம்பெனி டயர் 18 அங்குல உயரம். அதை 22 ஆக்கினால் தரையில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 6 அங்குலம் தூக்கி, மேலே கூரையும் ஏற்றி, பின்னால் மானையும் கிடத்தினால் பக்கச் சரிவில் வண்டி உருளப் பார்க்கும். உயர்த்தும் அளவுக்குச் சக்கரங்களின் இடைவெளியையும் அகலமாக்கு.

6. இழந்த இழுவையை மின்சாரத்தால் மீட்கலாம், ஆனால் பாதி வேலை செய்யாதே. அதிக ஆம்பியர் கன்ட்ரோலர் போட்டால் சாலினாய்டையும் கேபிளையும் சேர்த்தே மாற்று. ஒல்லிக் கேபிள் சூடாகும். அந்தச் சூடு ஈய முனையையே உருக்கிவிடும். சீரிஸ் மோட்டாரை ஒருபோதும் சுமையில்லாமல் முழு வோல்ட்டில் சுழற்றிப் பார்க்காதே. வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி மோட்டார் சிதறும்.

7. விளக்குக்காக ஒற்றைப் பேட்டரியிலிருந்து மின்சாரம் திருடாதே. அது மட்டும் காலியாகி, வரிசை முழுவதையும் கெடுக்கும். மொத்த 48 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டாகக் குறைக்கும் ரெடியூசர் வை. வின்ச் கதை வேறு: மரத்தில் கட்டி வண்டியை இழுக்கும்போது அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும், ரெடியூசர் தாங்காது. அதற்கென்று தனி 12 வோல்ட் பேட்டரி ஒதுக்கு.

8. சேற்றில் சக்கரம் நின்றுபோனால் பெடலை உடனே விடு. சுழலாத மோட்டாருக்குள் பாயும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறி, கம்யூட்டேட்டரைக் கருக்கும். மோட்டார் பின் அச்சோடு தாழ்வாகத் தொங்குகிறது என்பதை நினைவில் வை. ஓடையில் ஆழம் பார்க்காமல் இறங்காதே.

9. கால் பங்கு சார்ஜ் தீர்ந்ததும் வண்டியைத் திருப்பு. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். வந்த தூரம் திரும்பவும் வேண்டும் அல்லவா? முழுச் சார்ஜ் ஆன பிறகே டிஸ்டில்டு வாட்டர் ஊற்று. லித்தியம் போட்டால் எடை வெகுவாகக் குறையும், ஆனால் உறைபனிக் காலையில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

10. உன் வண்டி வருவது மானுக்குக் கேட்காது. இன்னொரு வேட்டைக்காரனுக்கும் கேட்காது. ஜார்ஜியாவில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது சட்டம். ஓடும் வண்டியில் துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கவே கூடாது. வண்டியில் உட்கார்ந்தபடி சுடுவதற்குப் பல மாநிலங்களில் தடை உண்டு. உன் மாநில விதியைப் படித்துவிட்டுப் போ. வண்டி உன்னை இடத்தில் சேர்க்கட்டும், வேட்டை காலால் நடக்கட்டும்.

11. வேலை முடிந்த அன்றே காட்டுக்குக் கிளம்பாதே. பகலில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, வேட்டைக்குக் கொண்டுபோகும் முழுச் சுமையையும் ஏற்றி ஓட்டு. மேட்டில் ஏறு, இறக்கத்தில் பாதியில் நிறுத்து. திரும்பி வந்து சக்கர நட்டு, லிஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கு. கேபிள் முனை ஒவ்வொன்றும் சூடாகியிருக்கிறதா என்று பார். சூடான முனையைச் சரிசெய்துவிட்டு இதே ஓட்டத்தை இன்னொரு முறை ஓட்டு. அதிலும் தாக்குப்பிடித்தால், வண்டி தயார்.