தானம் கொடுத்த குடும்பத்திடம் எதுவரை பணம் கேட்கலாம்?

சாலை விபத்தோ, மூளையில் ரத்தக்குழாய் வெடிப்போ, காலையில் நன்றாகக் கிளம்பிப் போனவர் மாலையில் வென்டிலேட்டரில் கிடக்கிறார் என்றால், அந்த வீட்டார் முன் இரண்டு கேள்விகள் வருகின்றன. உறுப்பு தானம் செய்யலாமா என்பதை மருத்துவர்கள் கேட்பார்கள். இனி ஆகிற செலவுக்கும் நாம்தான் பணம் கட்டணுமா என்பதை, தாய்மாமனோ சித்தப்பாவோ ஐசியு வாசலில் ஓரமாக நின்று தணிந்த குரலில் கேட்பார். சாவு விழுகிற நேரத்தில் காசைப் பற்றிப் பேசுவது இழுக்கு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. இந்த விஷயத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியை வெளிப்படையாகவே கேட்க வேண்டும். தானத்துக்கான செலவைக் குடும்பத்தின் தலையில் சட்டம் கட்டவில்லை. ஆனால், எந்த நிமிடத்தோடு சிகிச்சைச் செலவு முடிந்து தானச் செலவு தொடங்குகிறது என்பது மங்கலாகவே இருக்கிறது. மூளைச்சாவுக்கான முதல் சோதனை தொடங்கும் நேரமே அந்தக் கோடாக இருக்க வேண்டும், அதன் பிறகு குடும்பத்தின் பெயரில் ஒரு ரூபாய்கூட பில் ஏறக்கூடாது என்பது என் வாதம்.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது, 2011-ல் திருத்தப்பட்டது, விரிவான விதிகள் 2014-ல் வந்தன. இறந்தவரின் உடலைப் பராமரிப்பது, உறுப்பை எடுப்பது, பாதுகாப்பது, கொண்டுபோவது ஆகிய எந்தச் செலவையும் தானம் செய்தவரின் குடும்பத்திடம் வசூலிக்கக் கூடாது என்று அந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. உறுப்பைப் பெறுபவரோ, மருத்துவமனையோ, அரசோ, தொண்டு நிறுவனமோ ஏற்கலாம், யார் என்பதை மாநில அரசு முடிவு செய்யலாம். உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2011 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். கொடுத்தவருக்கு விலையும் கிடையாது, செலவும் கிடையாது என்பதுதான் சட்டத்தின் கருத்து.

சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. மூளைச்சாவை ஒரே ஒரு மருத்துவர் அறிவித்துவிட முடியாது. நால்வர் கொண்ட குழு கையெழுத்திட வேண்டும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் வருகிறதா, வென்டிலேட்டரைச் சற்று விலக்கினால் தானாக மூச்சு இழுக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். அதே சோதனைகளைக் குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடி செய்கிறார்கள். இரண்டாவது முறையும் அதே முடிவு வந்தால்தான் மூளைச்சாவு உறுதி. பிறகு குடும்பத்தின் எழுத்துச் சம்மதம். விபத்து வழக்கென்றால் காவல்துறையின் அனுமதி. யாருக்கு எந்த உறுப்பு என்ற ஒதுக்கீடு. வேறு ஊர்களிலிருந்து அறுவைக் குழுக்களின் வருகை. முதல் சோதனையிலிருந்து அறுவை அரங்கு வரை ஒரு நாள் கடந்துவிடுவதுண்டு. அந்த நேரம் முழுக்க வென்டிலேட்டர் ஓடுகிறது, ரத்த அழுத்தம் விழாமல் மருந்து ஏறுகிறது, எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனை, இதய எக்கோ, திசுப் பொருத்தம் என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இவற்றில் எது சிகிச்சை, எது தானத்துக்கான பராமரிப்பு? சம்மதக் கையெழுத்திலிருந்து என்று ஒரு விளக்கம் சொல்லலாம், இரண்டாம் சோதனையிலிருந்து என்று இன்னொன்று சொல்லலாம், அறுவை அரங்கிலிருந்து என்றும் சொல்லலாம். மூன்றுக்கும் இடையிலான தொகை, கூலி வேலை செய்யும் ஒரு வீட்டுக்குப் பல மாத வருமானம்.

முதல் சோதனையைக் கோடாக நான் கேட்பதற்குக் காரணம், அந்தச் சோதனையை மருத்துவர் தொடங்குவதே இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று முடிவுக்கு வந்த பிறகுதான். அடுத்த ஆறு மணி நேரம் சட்டத்தின் எச்சரிக்கைக்காகச் செலவாகிற நேரம். எச்சரிக்கை மிக அவசியம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கான செலவு, சட்டத்தை வகுத்த சமூகத்தின் செலவு. இரண்டாம் சோதனையில் முடிவு மாறினால்? அப்போது அவர் நோயாளியாகவே தொடர்கிறார், சிகிச்சைக் கணக்கும் தொடர்கிறது. இடையிலான சில மணி நேரச் செலவை மருத்துவமனை ஏற்றால் குடி முழுகிவிடாது.

இதற்கு எதிராக வரக்கூடிய கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. சம்மதித்தால் பில் நின்றுவிடும், மறுத்தால் ஓடிக்கொண்டே இருக்கும் என்றால், அது ஏழையின் கையை முறுக்கிக் கையெழுத்து வாங்குவதாகாதா? ஆகும். ஆகவேதான் சம்மதம் கேட்பதற்கு முன்பே, சம்மதிப்பவர், மறுப்பவர் என்ற பாகுபாடில்லாமல் கணக்கு நிற்க வேண்டும் என்கிறேன். இப்போதுள்ள நிலைதான் மறுப்பவரைத் தண்டிக்கிறது. இந்தியாவில் மூளைச்சாவைச் சாவென்று ஏற்பது உறுப்பு மாற்றுச் சட்டம் மட்டுமே. தானத்துக்கு மறுத்தால், அதே உடலில் வென்டிலேட்டரை நிறுத்தலாமா என்று மருத்துவர்கள் தயங்குகிறார்கள். கேரளம் 2020-ல் இதற்கென்று தனி வழிகாட்டுதல் கொண்டுவந்தது. பயனற்ற உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி வகுத்து, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. என்றாலும் ஐசியுவில் நிற்கிற மருத்துவர் எதிர்கால வழக்குக்கு அஞ்சி இயந்திரத்தை ஓடவிடுவதும், குடும்பம் நகையை அடகு வைப்பதும் நின்றபாடில்லை. தானம் செய்ய மனமில்லாத குடும்பத்துக்கும் சாவு சாவுதான். முதல் சோதனை தொடங்கிய நேரத்தோடு அவர்கள் கணக்கும் முடிய வேண்டும்.

மருத்துவமனைகள் எங்கள் நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது என்று கேட்கும். நியாயமான கேள்வி. மாற்று அறுவை செய்யும் பெரிய மருத்துவமனைக்குத் தன்னிடம் தானமாகிற உறுப்புகளில் முன்னுரிமைப் பங்கு கிடைக்கிறது, அறுவைக் கட்டணம் வருகிறது, எனவே அது தாங்கும். 2011 திருத்தத்துக்குப் பிறகு, மாற்று அறுவை வசதி இல்லாத ஊர் மருத்துவமனைகளும் உறுப்பை எடுக்கும் மையமாகப் பதிவு செய்யலாம். பாடு அவர்களுக்கு, பலன் வேறிடத்துக்கு என்பதால் தயக்கம் அங்கேதான் அதிகம். உறுப்பைப் பெறும் மருத்துவமனை ஒரு நிலையான பராமரிப்புத் தொகையை எடுக்கும் மருத்துவமனைக்குச் செலுத்த வேண்டும், ஏழை நோயாளி பெறுகிற உறுப்புக்கு அரசுக் காப்பீடு செலுத்த வேண்டும். அமெரிக்காவில் மூளைச்சாவு அறிவித்துச் சம்மதமும் கிடைத்த பிறகு வரும் செலவு, உறுப்புகளைச் சேகரிக்கும் அமைப்பின் கணக்குக்குப் போகிறது. நம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்துக்கு இது புதிய வேலையாகவே இருக்காது. 2008 முதல் இங்கே நடந்துவரும் திட்டம், ஒதுக்கீட்டு வரிசையை நேர்மையாக நடத்துவதில் நாட்டுக்கே முன்மாதிரி. வரிசைக்குக் காட்டிய கண்டிப்பைப் பில்லுக்கும் காட்டினால் போதும்.

அப்படியானால் இறுதிச்சடங்குச் செலவையும் கொடுத்துவிட்டால் என்ன? பென்சில்வேனியா மாநிலம் 1994-ல் ஒரு சட்டம் இயற்றி, தானம் செய்தவரின் இறுதிச்சடங்குக்கு உதவ நிதியம் அமைத்தது. 300 டாலர் தருவதாகத் திட்டமிட்டார்கள். உறுப்புக்கு விலை கொடுப்பதைத் தடுக்கும் நாடளாவிய சட்டத்துக்கு அது முரணாகலாம் என்ற அச்சத்தில், குடும்பத்தாரின் சாப்பாடு, தங்குமிடச் செலவுக்கான உதவியாக அது மாறிப்போனது. பிரிட்டனில் நஃபீல்டு அறநெறிக் குழு 2011-ல் இதற்கு நேர்மாறாக, தானம் செய்தவரின் ஈமச்செலவை அரசு ஏற்பதைச் சோதித்துப் பார்க்கலாம் என்றது. ஒடிசா அரசு தானம் செய்தவர் குடும்பத்துக்கு முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து ரூ.5 லட்சம் வழங்கும் விருதையே வைத்திருக்கிறது. நன்றியுணர்வைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கிற வீட்டில் 5 லட்சம் என்ற எண், சம்மதப் படிவத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். மகன் உறுப்பை விற்றுவிட்டார்கள் என்று ஊரில் ஒரு வாய் பேசினால், அந்தத் தாய்க்கு அதைவிட வேறு வதை வேண்டாம். தானம் செய்தவரின் இறுதிச்சடங்குக்குத் தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் அறிவித்த அரசு மரியாதை இந்தச் சிக்கலில்லாதது. அதோடு பணமாக இல்லாமல் சேவையாகச் செய்யக்கூடியவை உண்டு: உடலை வீடு வரை கொண்டுசேர்ப்பது, காத்திருக்கும் உறவினருக்குத் தங்க இடம், உறுப்பு எடுக்கும்போதே பிரேதப் பரிசோதனையையும் முடித்துத் தருவது. 2021 நவம்பரிலிருந்து வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம், உறுப்பு தானத்துக்கு அதில் முன்னுரிமையும் உண்டு. விடியும்வரை பிணவறை வாசலில் உட்கார வைக்கத் தேவையில்லை.

முதல் சோதனைக்கு முந்தைய சிகிச்சைச் செலவு வேறு கதை. அது உயிரைக் காக்கச் செய்தது, அதைத் தானத்தோடு சேர்த்துத் தள்ளுபடி கேட்பது சரியாகாது. அதற்கு வேறு கதவுகள் உண்டு, நேரத்தில் தட்ட வேண்டும். சாலை விபத்தென்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை. 2021 டிசம்பரில் ஒரு லட்சம் என்று தொடங்கி, பிறகு இரண்டு லட்சமாக உயர்ந்தது. காப்பீட்டு அட்டை தேவையில்லை, வெளி மாநிலத்தவருக்கும் பொருந்தும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை. பக்கவாதம், ரத்தக்கசிவு போன்றவற்றுக்கு இவை கிடைக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு, அங்கே போக வேண்டும். சேர்த்த முதல் மணி நேரத்திலேயே காப்பீட்டு கவுன்ட்டரில் பெயரைச் சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் கட்டிய பிறகு திரும்பக் கேட்பது பெரும்பாடு.

சோதனை நடக்கப் போகிறது என்று தெரிந்ததும், வீட்டில் சற்று நிதானமாக இருக்கிற ஒருவர் பணப் பேச்சைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். தாயையும் மனைவியையும் பில்லிங் கவுன்ட்டர் பக்கம் விட வேண்டாம். முதல் சோதனை நேரம், இரண்டாம் சோதனை நேரம், சம்மத நேரம் மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம், எந்த மணியிலிருந்து கணக்கு எங்கள் பெயரில் இல்லை என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். பில் வந்ததும் கிருமிப் பரிசோதனை, திசுப் பொருத்தம், எக்கோ போன்றவை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று பார்த்து, தானத்துக்காகச் செய்தவற்றை நீக்கச் சொல்ல வேண்டும். பாக்கியைக் காரணம் காட்டி உடலைத் தர மறுக்கக்கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. அரசு மருத்துவமனையிலிருந்து உடலை எடுத்துச்செல்ல 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு. தானம் செய்தால் விபத்து வழக்கு பலவீனமாகிவிடும் என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. காவல்துறை அனுமதியோடு, பிரேதப் பரிசோதனையோடு நடப்பதால் இழப்பீட்டு மனுவுக்கு அதனால் பாதகமில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகாவது இறந்தவரின் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். மே மாதக் கடைசியை ஒட்டி ரூ.20, ரூ.436 என்று சிறு தொகைகள் பிடித்திருந்தால் அவை விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீடும், ஒவ்வொன்றிலும் ரூ.2 லட்சம். இஎஸ்ஐ உள்ள தொழிலாளி என்றால் ஈமச்செலவுக்கு ரூ.15,000. விபத்து இழப்பீட்டில் இறுதிச்சடங்குக்கு ரூ.15,000 என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் வகுத்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னது. சிகிச்சை பில்களை எறிந்துவிடாமல் வைத்து, ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுவது நல்லது.

தமிழ்நாடு அரசிடம் ஒரு வேண்டுகோள். முதல் மூளைச்சாவுச் சோதனை தொடங்கும் நேரத்திலிருந்து குடும்பத்திடம் கட்டணம் வாங்கக் கூடாது, தானத்துக்குச் சம்மதித்தாலும் மறுத்தாலும் இதுவே விதி என்று ஓர் அரசாணை வேண்டும். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, பதிவு பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையின் ஐசியு வாசலிலும் பில்லிங் கவுன்ட்டரிலும் ஒட்ட உத்தரவிடுங்கள். தானச் செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை 2014-லேயே மத்திய விதிகள் மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டன.