புயல் வருமென்றால் குடிலை விட்டுக் கிளம்பாதீர்கள்

மார்ச் பாதியைத் தாண்டியதும் சுவிஸ் ஆல்ப்ஸின் உயரமான மலைக்குடில்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. பிரான்சின் ஷாமொனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை, குடிலுக்குக் குடில் பனிச்சறுக்கில் போகும் ‘ஓட் ரூட்’ பாதையில் இனி மே தொடக்கம் வரை கூட்டம்தான்.

குடில்களில் இடம் பதிவு செய்யவும். பனியில் புதைந்தவரைத் தேட டிரான்சீவர், துழாவுகோல், மண்வாரி ஆளுக்கு ஒன்று. பேட்டரி புதிதாக இருக்கட்டும். பனியாறுகளில் வெடிப்புகள் உண்டு, கயிறு வேண்டும். டாவோஸ் பனி ஆய்வு நிறுவனம் மாலை 5 மணிக்கு வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைத் தவறாமல் படிக்கவும். வசந்த வெயிலில் பனி இளகிச் சரியும். விடியுமுன் கிளம்பி நண்பகலுக்குள் அடுத்த குடிலைச் சேரவும்.

இவற்றையெல்லாம் பெரும்பாலோர் செய்துவிடுகிறார்கள். புயல் வருகிறது என்று கேட்டபின் குடிலில் உட்கார்ந்திருக்கத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை.

2018 ஏப்ரல் 29 அன்று இந்தப் பாதையிலுள்ள பீஞ் தரோலா சிகரத்தருகே 14 பேர் புயலில் வழி தவறினார்கள். இரவு முழுக்கத் திறந்தவெளியில் கிடந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். அங்கிருந்து வின்யெட் குடில் சில நூறு மீட்டர் தூரம்தான். அவர்கள் எந்தப் பனிச்சரிவிலும் சிக்கவில்லை, பெரும்பாலோரைக் குளிர்தான் கொன்றது. வழிகாட்டி கூட இருக்கிறாரே என்று சமாதானம் சொல்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்: இறந்தவர்களில் வழிகாட்டியும் ஒருவர்.

2024 மார்ச் 9 அன்று செர்மாட்டிலிருந்து அரோலா கிராமத்துக்குக் கிளம்பிய 6 பேர் தேத் பிளான்ஷ் சிகரத்தருகே சிக்கினார்கள். புயலில் ஹெலிகாப்டர் நெருங்க முடியவில்லை. மறுநாள் கிடைத்தவை 5 உடல்கள்.

பனிப்புயலில் வானமும் தரையும் ஒரே வெள்ளை. கால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே புரியாது. செல்பேசியில் வழி பார்க்கக் கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும். குளிரில் பேட்டரியும் இறங்கிவிடும்.

இத்தனைக்கும் புயல் பெரும்பாலும் முன்னறிவிப்பில் வந்துவிடுகிறது! முன்பணம் போய்விடும், திங்களன்று வேலைக்குப் போகவேண்டும், காலையில் வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முன்பணம் போகட்டும். புயல் வருமென்றால் கிளம்பவே கிளம்பாதீர்கள். வின்யெட்டிலிருந்து செர்மாட் போகும் கடைசி நாளில் இன்னும் கண்டிப்பு தேவை. மூன்று கணவாய்களைக் கடக்க வேண்டும், இடையில் ஒதுங்க இடம் அரிது.

முந்தின இரவே குடில் பொறுப்பாளரிடம் வானிலை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வாதாடாமல், வரவில்லை என்று அடுத்த குடிலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

அப்படியும் நடுவழியில் சிக்கினால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே மண்வாரியால் பனியில் குழி தோண்டி உள்ளே ஒண்டுங்கள். ஒருவரையும் தனியே அனுப்பாதீர்கள். உதவிக்கு சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் 144, மற்ற இடங்களில் 112.