வீட்டுக் குழாயின் அளவு

நூலின் நம்பர் அறியாமல் பாவு ஓட்டும் நெசவாளர் நம்மில் ஒருவரும் இலர். ஆயினும் கூட்டுறவு முறையில் வீடு கட்டும் அங்கத்தினர்கள், செங்கல், சிமெண்டு ஆகியவற்றின் தரத்தை நன்கு விசாரித்த பின்னர், குழாயின் அளவை மட்டும் பிளம்பரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகின்றனர்.

ஆதம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்திருந்த இப்பகுதி 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தனி வீடுகள் இருந்த மனைகளில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்ததை யாவரும் அறிவர்.

அத்தகைய குடியிருப்பு ஒன்றில் நான்கு தளங்களில் எட்டு வீடுகள், வீட்டிற்கு நால்வர் எனக் கொள்க. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. ஆகவே 32 பேருக்கு 4,320 லிட்டர் வேண்டும். இதனைத் தரைத் தொட்டியிலிருந்து 15 மீட்டர் உயரத்திற்கு, 20 மீட்டர் நீளக் குழாயின் வழியே ஒன்றரை மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். முக்கால் அங்குலக் குழாயாயின், உராய்வு மட்டுமே 7 முதல் 9 மீட்டர் உயரத்திற்கு ஈடான சுமையாகும். ஒரு அங்குலமாயின் அது 2 அல்லது 3 மீட்டர். ஒன்றேகால் அங்குலமாயின் ஒரு மீட்டருக்கும் குறைவு. விட்டம் இருமடங்கானால், அதே அளவு நீருக்கு உராய்வு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகிவிடும். கிணற்றில் மோட்டார் வைத்துள்ள விவசாயிகளுக்கு இது புதிதன்று.

அங்ஙனமாயின் எல்லாக் குழாய்களையும் பெரியனவாகவே போடலாமே எனின், அதுவும் பொருந்தாது. மாடியிலுள்ள வெந்நீர்க் கலத்திலிருந்து குளியலறைக்கு வரும் 10 மீட்டர்க் குழாய் அரை அங்குலமாயின், அதனுள் நிற்கும் நீர் 2 லிட்டருக்கும் குறைவு. ஒரு அங்குலமாயின் ஏறக்குறைய 5 லிட்டர். வெந்நீர் வருமுன் அத்தனையும் வீணே சாக்கடைக்குப் போகும். குளித்து முடித்தபின் அதே அளவு வெந்நீர் குழாயிலேயே ஆறிக் கிடக்கும்.

எல்லாக் குழாய்களும் ஒரே வேளையில் திறக்கப்படுவதில்லை. இதனைக் கணக்கிற்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க அரசின் அளவை நிறுவனத்தைச் சேர்ந்த ராய் ஹண்டர். அவரது முறை 1940-இல் வெளியாயிற்று. இக்காலக் குழாய்கள் குறைந்த நீரே விடுவதால், அப்பழைய அட்டவணைகள் இன்று தேவைக்கு மிஞ்சிய அளவையே காட்டுகின்றன.

சங்கங்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது மற்றொன்று உண்டு. மேல்தளக் குழாய் தொட்டிக்கு 3 மீட்டர் கீழேயும், தரைத்தளக் குழாய் 12 மீட்டர் கீழேயும் இருப்பின், ஒரே வகைக் குழாயே தரைத்தளத்தில் இருமடங்கு நீரைக் கொட்டும். கட்டணமோ எட்டு வீட்டாருக்கும் சமம். மேல்வீட்டார் குறைகூறின் அவர்களைச் சண்டைக்காரர் எனல் தகாது. அது குழாய் அமைப்பின் கோளாறு. மேல்தளத்திற்கு அகலமான தனி இறக்குக் குழாயும், கீழ்த்தளங்களுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வும் அமைப்பின் இக்குறை நீங்கும்.

பழைய கட்டடமாயின், 10 லிட்டர் வாளி ஒன்றை மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் நிரப்பி, ஆகும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு குறித்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம். வால்வின் விலையை விசாரிப்பது அதற்குப் பின்னரே.